ஒண்ணும் ஆகாது, ஆனால் யாருக்கு?

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, பாலிகஞ்சில் நான் தங்கியிருக்கும் அறைக்குத் தென்காசிப் பக்கத்துத் தங்கை ஒருத்தி வந்திருந்தாள். உடலியங்கியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். லேக் மார்க்கெட்டில் வாங்கிய காப்பித்தூளில் டிகாக்‌ஷன் இறக்கி, டம்ளரை அவள் கையில் கொடுத்தபோதுதான் கவனித்தேன். வலக்கைச் சுட்டுவிரலின் நகக்கண்ணில் ஆரஞ்சுச் சிவப்பாக ஒரு கறை. மருதாணி என்று நினைத்தேன். இல்லையாம், சாயமாம். இதயத் தசையில் மின்னலை எப்படிப் பரவுகிறது என்பதைக் கேமராவில் பிடிப்பதற்காக ஊற்றும் ஒளிர்சாயம்.

“கழுவக் கூடாதா?”

“கழுவியாச்சு அக்கா, போகல. ஒண்ணும் ஆகாது.”

“யார் சொன்னது?”

“லேப்ல எல்லாரும் அதான் சொல்றாங்க. கிச்சு ஹோபே நா.”

இந்த நகரத்தில் ஒரு நாளைக்கு இருபது முறையாவது காதில் விழும் வங்காளத் தொடர் அது. டிராம் தாமதமானாலும், மழையில் கோப்பு நனைந்தாலும், ‘கிச்சு ஹோபே நா’. நம் ‘ஒண்ணும் ஆகாது’வின் நேர் உடன்பிறப்பு. இரண்டிலும் எழுவாய் ‘ஒன்றும்’. வினை ‘ஆகாது’. யாருக்கு ஆகாது என்பதைச் சொல்ல வேண்டிய நான்காம் வேற்றுமைச் சொல் இரண்டிலும் விடுபட்டுக் கிடக்கிறது. மொழியியலில் முதுகலை படித்துவிட்டு, இப்போது தமிழ், வங்காளம் ஆகிய இரு மொழிகளின் அறிவியல் கலைச்சொற்களை ஒப்பிட்டு ஆராய்ந்துகொண்டிருப்பவள் நான். விடுபட்ட வேற்றுமை உருபைத் தேடுவது எனக்குத் தொழில். ஆகவே இப்பதிவில் ஒரே ஒரு ‘கு’வைத் தேடப் போகிறேன். உயிரியல் எனக்குக் கற்ற துறை அன்று. அவளோடு உட்கார்ந்து கட்டுரைகளைப் படித்துத் தெரிந்துகொண்டதைக் கொண்டே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சாயம் செய்யும் வேலை. இதயத்தின் கீழறைத் தசையணு ஓய்வில் இருக்கையில் அதன் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 85 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் இருக்கும். துடிப்பு வரும்போது அது நேர்மின் பக்கம் தாவிப் பின் மெல்லத் திரும்பும். கேட்பதற்குச் சிறிய அளவுதான். ஆனால் அந்த அழுத்தம் முழுவதும் சில நானோமீட்டர் தடிப்பே உள்ள சவ்வின் குறுக்கே விழுகிறது. மீட்டருக்கு இத்தனை வோல்ட் என்று கணக்கிட்டால் கோடியைத் தாண்டும். அந்தச் சவ்வுக்குள் போய்ச் செருகிக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டவை மின்னழுத்தம் உணரும் சாயங்கள். மின்புலம் மாறினால் அவற்றின் ஒளிர்வும் மாறும். இத்துறையில் மிகுதியாகப் பயன்படும் டை-4-அனெப்ஸ் என்ற சாயம் 1980களில் லெஸ்லி லோவின் ஆய்வுக்குழுவிலிருந்து வந்தது. பச்சை ஒளியைப் பாய்ச்சினால் சிவப்பு ஒளியைத் திருப்பித் தரும். 100 மில்லிவோல்ட் மாற்றத்துக்கு அதன் ஒளிர்வு சுமார் 10 விழுக்காடு மாறும். அந்தப் பத்து விழுக்காட்டை நொடிக்கு ஆயிரம் படங்கள் என எடுக்கும் கேமரா பதிவுசெய்துவிடுகிறது.

இதன் பயனைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. மின்முனைகளைக் குத்தினால் சில நூறு புள்ளிகளில் அளக்கலாம். கேமராவோ பல்லாயிரம் புள்ளிகளை ஒரே நேரத்தில் பார்க்கிறது. இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் அந்தக் கணத்திலும், மின்முனைகள் திணறிப்போகும் அந்தக் கணத்திலும், அதனால் பார்க்க முடிகிறது. தாறுமாறான துடிப்பின்போது மின்னலை சுருள்வடிவில் தன்னைத்தானே துரத்திக்கொண்டு சுழல்வதை 1992 இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான கட்டுரை ஆட்டின் இதயத்தசையில் காட்டியது இத்தகைய சாயத்தைக் கொண்டுதான். சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் சிதாப்ர சின்ஹா போன்றோர் கணினியில் ஆராயும் சுருளலைகளுக்குக் கண்கண்ட சான்று தருபவை இப்படங்களே.

இனிப் பாதுகாப்பு என்ற சொல்லுக்கு வருவோம்.

2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய் தடைசெய்யப்பட்டது நினைவிருக்கும். புதுச்சேரி முதலில் தடைசெய்தது. பிறகு சென்னையில் எடுத்த மாதிரிகளை ஆய்வு செய்து, அவற்றில் ரோடமைன்-பி இருப்பதாகக் கண்டு, 17 ஆம் நாள் தமிழ்நாடு அரசு தடையை அறிவித்தது. துணிக்குப் போடும் சாயம் குழந்தையின் நாக்கில் ஏறக் கூடாது. தடை சரியானதே, அதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் அந்த ஒரு வாரத்தில் ‘ரோடமைன்’ என்ற சொல் வீட்டுத் திண்ணை வரை வந்து ‘நஞ்சு’ என்பதற்கு மறுபெயராகிவிட்டது. அதே ரோடமைன் குடும்பத்தைச் சேர்ந்த ராட்-2 என்பது, இதயத் தசையின் கால்சியம் ஏற்ற இறக்கத்தைப் படம் பிடிக்க, மின்னழுத்தச் சாயங்களோடு சேர்த்து ஊற்றப்படும் பொருள். என் தங்கையின் ஆய்வகத்தில் அதற்குப் பெயர் ‘சேஃப்’. மெரினாவில் நஞ்சு, ஆய்வகத்தில் பாதுகாப்பு. இரண்டு தீர்ப்பும் மூலக்கூற்றின் நெற்றியில் ஒட்டப்பட்ட சீட்டுகளாகவே இருக்கின்றன. மூலக்கூறு எங்கே, எவ்வளவு, யாருடைய உடலில் என்பதை இரண்டுமே சொல்வதில்லை.

இந்த இடத்தில் நம்மவர் எவரும் ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்பர். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இந்தச் சாயங்களின் விஷயத்தில் அப்பழமொழி போதவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பழமொழி ஓர் அளவைப் பற்றி மட்டுமே பேசுகிறது. ஒளிர்சாயத்துக்கோ அளவுகள் இரண்டு: எவ்வளவு சாயம், எவ்வளவு ஒளி. ஒளியை உறிஞ்சிய மூலக்கூறு தன் ஆற்றல் முழுவதையும் சிவப்பு ஒளியாகத் திருப்பித் தந்துவிடுவதில்லை. ஒரு பங்கு அருகிலுள்ள ஆக்சிஜனுக்குக் கைமாறுகிறது. அப்படிக் கிளர்ச்சியுற்ற ஆக்சிஜன் சவ்வின் கொழுப்பையும் புரதத்தையும் அரிக்கிறது. ஆகவே இருட்டில் சாதுவாக இருக்கும் அதே அளவுச் சாயம், விளக்கைப் போட்டதும் வேறு பொருளாகிவிடும். சாயம் பார்வைக்குப் பயன்படுவது விளக்கு எரியும்போது மட்டுமே என்பதுதான் இதில் உள்ள சிக்கல். இதை ஒளிநச்சுத்தன்மை என்கிறார்கள்.

இது கற்பனை அச்சம் அன்று. தவளை இதயத்தின் மின்செயலைச் சாயத்தின் வழியே முதன்முதலில் பதிவுசெய்த சலாமாவும் மொராடும் 1976 இல் பயன்படுத்தியது மெரோசயனின்-540. பின்னாளில் அதே மெரோசயனின்-540ஐ எலும்பு மச்சையில் கலந்து, ஒளி பாய்ச்சி, இரத்தப் புற்றணுக்களைக் கொன்று களைய முடியுமா என்று வேறு சிலர் ஆராய்ந்தார்கள். ஒரு துறையில் ‘காட்டும்’ பொருள், அடுத்த துறையில் ‘கொல்லும்’ பொருள். டை-4-அனெப்ஸும் விதிவிலக்கன்று. தனித்துப் பிரித்த இதயத் தசையணுக்களில் அது ஒளியோடு சேர்ந்து சேதம் விளைவிப்பதை 1994 இல் ஆஸ்திரியாவின் கிராத்ஸ் நகர ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2012 இல் வந்த மற்றொரு கட்டுரை இன்னும் நுட்பமானது. கினி எலியின் இதயத்தில் இச்சாயம் மின்னலையின் வேகத்தைக் குறைக்கிறது என்றது அது. இதயம் நிற்கவில்லை, தசையணு சாகவில்லை. அளக்க வந்த எண் மட்டும் நகர்ந்துவிட்டது.

இதை நான் சொன்னபோது தங்கை கேட்ட கேள்வி நியாயமானது. “அந்த இதயம் எப்படியும் சில மணி நேரத்துல நின்னுடும் அக்கா. அதுக்கு எதுக்குப் பாதுகாப்பு?” லாங்கண்டார்ஃப் 1895 இல் வகுத்த முறைப்படி, உடலிலிருந்து எடுத்த இதயத்தின் பெருந்தமனி வழியே ஊட்டக் கரைசலை ஓடவிட்டுத் துடிக்கவைக்கிறார்கள். அந்த விலங்கு ஏற்கெனவே இறந்துவிட்டது. உண்மைதான். ஆனால் அந்த இதயம் நிற்கும் முன் தரும் வாக்குமூலம் நிற்பதில்லை. அது கட்டுரையாகிறது, கணினி மாதிரியில் ஓர் எண்ணாக நுழைகிறது, ஒரு மருந்து துடிப்பைக் குலைக்குமா என்ற தீர்ப்பில் சாட்சியாகிறது. இதயத்தில் மின்னலை வட்டமிட்டுத் தன் வாலைத் தானே பிடிப்பதற்குத் தேவையான தூரம், அலையின் வேகத்தையும் தசை மறுபடி தூண்டப்பட இயலாமல் ஓய்ந்திருக்கும் நேரத்தையும் பெருக்கினால் வருவது. வேகம் குறைந்தால் அந்தத் தூரமும் குறையும். சிறிய இடத்திலேயே சுழல் உருவாகிவிடும். அதாவது தாறுமாறான துடிப்பைப் படமெடுக்க வந்த சாயமே அதற்குத் துணைபோக முடியும். பிறகு நாம் எடுத்த படத்தில் நோய் எவ்வளவு, சாயம் எவ்வளவு?

சாட்சியைப் பாதுகாப்பதும் பாதுகாப்பே. இந்த ‘இதயத்துக்கு’ என்ற முதல் ‘கு’வை நம் ஆய்வேடுகளின் செய்முறை இயல்களில் தேடிப் பாருங்கள். சாயத்தின் பெயர், நிறுவனத்தின் பெயர், செறிவு ஆகிய மூன்றும் இருக்கும். எத்தனை நிமிடம் ஒளி பாய்ச்சப்பட்டது, சாயம் ஊற்றும் முன்னும் பின்னும் இதய மின்வரைபடம் ஒத்திருந்ததா, சாயமில்லாத இதயத்தோடு ஒப்பிடப்பட்டதா என்பவை பல ஏடுகளில் இருப்பதில்லை. இன்னொன்றும் உண்டு. துடிக்கும் இதயம் அசைந்தால் படம் கலங்கும் என்பதற்காகத் தசைச் சுருக்கத்தை நிறுத்தும் பிளெபிஸ்டாட்டின் என்ற வேதிப்பொருளையும் சேர்த்து ஊற்றுகிறார்கள். அது நீல ஒளி பட்டால் சிதைந்து நச்சாகும் இயல்புடையது. ஒரு சாயத்துக்குக் கேட்ட கேள்விகளை இரண்டு பொருள்களுக்கும், அவை சேர்ந்த கலவைக்கும் கேட்க வேண்டும். கேட்டால் ஆய்வு நான்கு மாதம் நீளும் என்பது எனக்கும் தெரியும். உதவித்தொகை எப்போது முடிகிறது என்பதும் எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம்.

இரண்டாவது ‘கு’, விரலில் கறையோடு காப்பி குடித்தவளுக்கு உரியது. ஆய்வகத்தில் கையாளப்படும் சாயம் மில்லிகிராம் கணக்கில்தான் இருக்கும். பீதி கிளப்ப எனக்கு எண்ணமில்லை. ஆனால் அந்தச் சாயம் தண்ணீரில் எளிதில் கரையாது என்பதால் பெரும்பாலும் டைமெத்தில் சல்ஃபாக்சைடில் கரைத்து வைக்கிறார்கள். அந்தக் கரைப்பான் தோலை ஊடுருவும், தன்னில் கரைந்திருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும். மெல்லிய கையுறைகூட அதன்முன் நெடுநேரம் தாங்காது, பட்டவுடன் மாற்ற வேண்டும். சவ்வுக்குள் செருகிக்கொள்வதற்காகவே செய்யப்பட்ட மூலக்கூறு, விரலின் சவ்வையும் இதயத்தின் சவ்வையும் பெயர் பார்த்துப் பிரித்தறியாது. இத்தகைய சாயங்களின் பாதுகாப்புத் தாள்களில் நச்சியல்புகள் முழுமையாக ஆராயப்படவில்லை என்ற பொருளில் ஒரு வரி இருப்பது வழக்கம். அந்த வரி ‘தீங்கில்லை’ என்று மொழிபெயர்க்கப்பட்டு, ‘கிச்சு ஹோபே நா’ என்று சுருங்கி, புதிதாக வந்தவளின் காதில் விழுகிறது. ‘தெரியவில்லை’ என்பதும் ‘இல்லை’ என்பதும் இலக்கணத்தில் வேறு வேறு எதிர்மறைகள். முதல் ஆண்டு இலக்கண மாணவன் குழப்பினால் மதிப்பெண் குறைப்போம்.

அவளுக்காவது ஆங்கிலத் தாளைப் படிக்கத் தெரியும். மாலையில் அந்தக் குடுவைகளைக் கழுவும் காகு ஒருவர் இருக்கிறார். இங்கே வயதில் மூத்தவரைக் ‘காகு’ என்று அழைப்பர், நம் சித்தப்பாவைப் போல. முப்பது ஆண்டுகளாக அதே தொட்டியில் கழுவுகிறாராம். அவரிடம் எந்த மொழியிலும் எவரும் எதையும் சொன்னதில்லை. இந்த ஆய்வகத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அந்த ஒரு கட்டடத்தின் குறை என்று ஆகிவிடும், மற்ற இடங்களில் உள்ளவர்கள் நிம்மதியாகக் கடந்துபோவார்கள்.

பெயரிடலைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலத்தில் இப்பொருளைத் தொடக்கத்தில் ‘டை’ என்றார்கள். பிறகு ‘ப்ரோப்’ என்றும் ‘இண்டிகேட்டர்’ என்றும் ‘ரிப்போர்ட்டர்’ என்றும் பெயர்கள் சேர்ந்தன. சாயம் ஒட்டும், கறைபடுத்தும். காட்டியோ சும்மா நின்று சுட்டுகிறது. நிருபரோ வெளியே நின்று செய்தி மட்டும் அனுப்புகிறார். மூலக்கூறு ஒன்றுதான், பெயரில் மட்டும் அதன் கை மெல்ல மெல்லக் கழுவப்பட்டிருக்கிறது. தமிழில் ‘ஒளிர்காட்டி’ என்று கலைச்சொல் ஆக்கலாம் என ஒரு நண்பர் அண்மையில் பரிந்துரைத்தார். அழகான சொல்தான். ஆயினும் நான் ‘சாயம்’ என்ற பழைய சொல்லையே விரும்புகிறேன். நொய்யலாற்றைப் பார்த்தவர்களுக்கு, 2011 இல் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதை அறிந்தவர்களுக்கு, சாயம் எதிலாவது போய்ப் படியும் என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

பெயர் கண்ணை மறைத்த கதை இந்த நகரத்திலேயே உண்டு. பாலிகஞ்ச் அறிவியல் கல்லூரி வளாகம் தாரக்நாத் பாலித் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த கொடை. அவர் பெயரிலமைந்த இயற்பியல் பேராசிரியர் பதவியைத்தான் திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் 1917 இல் ஏற்றார். 1923 இல் அவர் குழுவில் கே. ஆர். ராமநாதன், திரவங்களில் சிதறிய ஒளியில் மங்கலான ஒரு கூடுதல் நிறத்தைக் கண்டார். திரவத்தைத் திரும்பத் திரும்பத் தூய்மையாக்கியும் அது போகவில்லை. அழுக்கினால் வரும் ‘மெலிந்த ஒளிர்வு’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அது ஒளிர்வே அன்று, வேறொரு நிகழ்வு என்பது துலங்க 1928 வரை ஆயிற்று. பிழையான பெயரும் ஐந்தாண்டைத் தின்னும். அவர்களாவது சந்தேகத்தைக் கைவிடாமல் வடிகட்டிக்கொண்டே இருந்தார்கள்.

மூன்றாவது ‘கு’ நோயாளிக்கு உரியது. இது இன்று நேற்றைய கேள்வி அன்று, ஆனால் நெருங்கி வந்துகொண்டிருக்கிறது. 1950களின் இறுதியிலிருந்தே மருத்துவத்தில் இருப்பதும், விழித்திரைக்கும் கல்லீரலுக்கும் பயன்படுவதுமான இண்டோசயனின் கிரீன் என்ற சாயமும் இதயத்தில் மின்னழுத்த மாற்றத்தைக் காட்டுகிறது என்று 2016 இல் ஒரு கட்டுரை வந்தது. காட்டும் மாற்றம் சிறியது. என்றாலும் உடனே எழுந்த உற்சாகக் குரல், ‘இது ஏற்கெனவே அனுமதி பெற்றது, எனவே பாதுகாப்பானது’ என்பது. அனுமதி பெற்றது எதற்கு? நரம்பில் செலுத்தி, இரத்தத்தின் ஆல்புமினோடு ஒட்டி, சில நிமிடங்களில் கல்லீரல் வடித்து வெளியேற்றிவிடும் பயன்பாட்டுக்கு. இதயத் தசையின் சவ்வில் தங்கவைத்து, வலிய ஒளியை நெடுநேரம் பாய்ச்சுவதற்கு அன்று. அயோடைடு கலந்த மருந்தாதலால் அயோடின் ஒவ்வாமை உள்ளவரிடம் எச்சரிக்கை வேண்டும் என்ற குறிப்பும் அதற்கு உண்டு. ‘எதற்கு’ மாறினால் ‘யாருக்கு’ என்பதை மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும். இந்தியாவில் 2019 ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகளும் பழைய மருந்தின் புதிய பயன்பாட்டைப் புதிய மருந்தாகவே கருதுகின்றன. சட்டத்துக்கு இருக்கும் இலக்கண அறிவு நம் கருத்தரங்க மேடைகளில் சில சமயம் இருப்பதில்லை.

மாற்று அறுவையில் அகற்றப்படும் நோயுற்ற மனித இதயத்தைச் சாயமிட்டுப் படமெடுப்பது அமெரிக்காவில் பல ஆண்டுகளாக நடக்கிறது. 2008 முதல் உடலுறுப்புக் கொடைத் திட்டம் செவ்வனே நடந்துவரும் தமிழ்நாட்டில் அத்தகைய ஆய்வுக்கு ஒருநாள் இசைவுப் படிவம் எழுத வேண்டி வரலாம். அப்போது அதில் ‘பாதுகாப்பான சாயம்’ என்று எழுதுவோமா? அந்த இதயம் உடலுக்குத் திரும்பப் போவதில்லை என்பதால், நோயாளியைப் பொறுத்தவரை அச்சொல்லுக்குப் பொருளே இல்லை. சொல்ல வேண்டியது வேறு: உங்கள் இதயத்திலிருந்து நாங்கள் எடுக்கும் படத்தில் சாயத்தின் கையும் கொஞ்சம் இருக்கும், அதை இன்னின்ன வழியில் கழித்துப் பார்ப்போம் என்று.

தங்கை கிளம்புமுன் ஓர் உதவி கேட்டாள். ஆய்வகக் கதவில் ஒட்ட இரண்டு வரி. ஆங்கிலத்தில் ‘எக்ஸ்போஷர்’ என்ற ஒரே சொல், சாயத்தின்மேல் ஒளி விழுவதையும் மனிதர்மேல் சாயம் படுவதையும் சேர்த்துக் குறிக்கிறது. தமிழில் அதற்கு ‘வெளிப்பாடு’ என்று அகராதியில் இருக்கிறது, இங்கே அது உதவாது. கொஞ்ச நேரம் தேடிவிட்டு ‘படு’ என்ற வினைக்கு வந்தோம். ஒளி படும், கை படும், உயிர் பாடுபடும். “ஒளி படாமல் வை. கை படாமல் எடு. பட்டால் கையுறையை உடனே மாற்று.” வங்காளத்தில் எழுதித் தரக் காகுவையே கேட்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். திங்கட்கிழமை இரவு அவளிடமிருந்து ஒரு புகைப்படம் வந்தது. தமிழ் வரிக்குக் கீழே, நடுங்கும் எழுத்தில் வங்காள வரிகள் நான்கு. இரண்டுதானே கேட்டோம் என்றேன். தொட்டியில் ஊற்றுவதற்கு முன் தன்னிடம் சொல்ல வேண்டும் என்று அவராக இரண்டு வரி சேர்த்துக்கொண்டாராம்.